கண் வரைந்த ஃபிரிட்ஜ் பெட்டி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, ‘ஓஹோ, இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்க வேண்டாம்.

போன நவராத்திரிக்கு முன்னால், இரவல் கொடுத்திருந்த கொலுப்படியைத் திரும்ப வாங்கி வர பிளசன்டனிலிருந்து சான்டா கிளாராவுக்குப் போயிருந்தேன். தோழியின் வீட்டு கராஜ் கதவு மெல்ல மேலே ஏறியது. உள்ளே ஒரு பெரிய அட்டைப்பெட்டி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, நீளவாக்கில் படுத்துக் கிடந்தது. அதன் வெளிப்பக்கத்தில் மை தீட்டிய இரண்டு கண்கள். மூக்கு இல்லை, வாய் இல்லை, கண்கள் மட்டும். அவை நேராக என்னைப் பார்த்தன.

“அது ஒண்ணும் இல்லடி, பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட். ஈஜிப்ட்ல செய்யற சவப்பெட்டியாம். கால இடிச்சுக்காம வா,” என்றாள் தோழி.

உண்மை இவ்வளவுதான். மீதி எல்லாம் நான் கட்டியது. அந்தத் தோழியின் கணவர் குத்துக்கல் மாதிரி இருக்கிறார், வாரத்தில் ஐந்து நாள் டென்னிஸ் ஆடுகிறார். அவருக்கு எந்தக் கட்டியும் இல்லை. இந்தக் கதையைப் படித்துவிட்டு யாரும் அவருக்கு ஃபோன் செய்து நலம் விசாரிக்க வேண்டாம்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் எழுதியது இது:

“பண்டைய எகிப்தியர்கள் மரணத்தை ஒரு முடிவாகக் கருதவில்லை. அது அவர்களுக்கு ஒரு நீண்ட பயணத்தின்—”

இங்கேயே நிறுத்திவிட்டேன். இது பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டி. எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது:

“சபரிநாதன் இறந்துபோன வெள்ளிக்கிழமை நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கான பெட்டி ஏற்கெனவே கராஜில்—”

இது கிரீஷுக்குப் பிடித்துப்போனது. கிரீஷ் என் கணவன், என் முதல் வாசகன். ஆபீஸில் அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் குற்றம் கண்டுபிடிப்பது அவனுடைய வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது.

“சூப்பர். ஃபர்ஸ்ட் லைன்லயே மேட்டருக்கு வந்துட்ட.”

“அந்த மனுஷன் யாருன்னே எனக்கு இன்னும் தெரியாதுடா. அதுக்குள்ள சாகடிச்சுட்டேன்.”

“பெட்டின்னு ஒண்ணு வந்துட்டா உள்ள ஒரு ஆள் வந்துதானே ஆகணும்? ரீடர் வெயிட் பண்ணிட்டு இருப்பான். ஏமாத்தக் கூடாது.”

இந்தக் கேள்வி எனக்குள் மாட்டிக்கொண்டது. சவப்பெட்டி வரும் கதையில் யாரும் சாகாமல் இருந்தால் அது ஏமாற்று வேலையா? பதில் தெரியவில்லை. தெரியாததால் பனியை அழித்தேன், நியூ ஜெர்சியை அழித்தேன், வெள்ளிக்கிழமையை அழித்தேன். குடும்பத்தை மூட்டை முடிச்சோடு சான்டா கிளாராவுக்கு அழைத்து வந்தேன். சபரிநாதனுக்கு உயிர் திரும்பியது. மூன்றாவது தொடக்கத்தில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

சண்முகப்ரியா காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கணவர் சபரிநாதன், முதுகில் ஒரு பிளாஸ்திரியோடு, சாய்ந்து உட்கார முடியாமல் முன்பக்கம் குனிந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பள்ளிக்கூடத்தில் ஏற்றிக்கொண்ட கயல் பின்சீட்டில் இருந்தாள். ஆறாம் வகுப்பு. காதில் ஹெட்போன், கண் ஜன்னலில்.

இருவருக்கும் ஊர் கோபிப் பக்கம். இவள் சிப் கம்பெனியில் டெஸ்ட் எஞ்சினியர், அவர் இன்னொரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்ப்பவர். மூன்று வாரத்துக்கு முன்பு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில், கேட்காத இடத்தில், அவருடைய இடது கிட்னியில் ஒரு கட்டி தெரிந்தது. இன்று ஊசியை விட்டு அதில் ஒரு துணுக்கை எடுத்திருந்தார்கள்.

“ஏங்க, வலிக்குதுங்களா?”

“இல்ல. மரத்துக் கெடக்குது.”

“டாக்டரு மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?”

“மாஸ்க் போட்டிருந்தாரு ப்ரியா.”

“கண்ணு தெரிஞ்சிருக்குமல்லங்க.”

“கண்ணப் பாத்து பயாப்சி ரிசல்ட் சொல்ல முடியுமா? கெட்ட கட்டியா இருந்தா கிட்னியவே எடுத்துருவாங்களாம். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குது, பரவால்ல. ஆனா வேற எங்கயாச்சும் பரவியிருந்தா அப்புறம்—”

“வாய மூடுங்க கொஞ்சம்.”

ப்ரியா கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். கயல் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். பாட்டுக்குத்தான். ப்ரியாவுக்கு மூச்சு வந்தது.

(ஊரில் குழந்தைக்குத் தெரியக் கூடாததை அப்பா அம்மா இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். இங்கே அது அப்படியே தலைகீழ். பிள்ளைக்குத் தெரியக் கூடாதது எல்லாம் தமிழில். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கயல் இன்னும் காய்கறிப் பெயரில்தான் இருந்தாள். கட்டி, பரவுவது, துணுக்கு எடுப்பது எல்லாம் பாடத்தில் வரவில்லை. வீட்டில் எதைக் கேட்டாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லுகிற பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று இருவரும் நம்பினார்கள். எங்கள் தெருவில் இருக்கும் தமிழ் வீடுகள் அத்தனையும் இதையே நம்புகின்றன.)

ரிசல்ட் ஃபோனில் இருக்கும் ஆஸ்பத்திரி ஆப்பில் வரும். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வந்துவிடலாம் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். இரண்டு பேர் ஃபோனிலும் அந்த ஆப் இருந்தது. யாரும் தனியாகத் திறக்கக் கூடாது, சேர்ந்து உட்கார்ந்துதான் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கயலுக்குச் சொல்ல வேண்டாம் என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ‘அப்பாவுக்கு முதுகுவலி’ என்று அவளுக்குச் சொல்லியாயிற்று.

4

அன்று சாயங்காலமே கயல் ஃபிரிட்ஜ் பெட்டியை கராஜ் நடுவில் இழுத்துப் போட்டாள். வகுப்பில் எகிப்து நடக்கிறது. உயிரோடு இருக்கும் யாராவது ஒருவருக்கு எகிப்திய முறையில் சவப்பெட்டி செய்து, அவருக்கு மறு உலகத்தில் என்னென்ன தேவைப்படும் என்று உள்ளே வைக்க வேண்டும். ஷூ பெட்டி போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எல்லோரும் ஷூ பெட்டியில்தான் செய்தார்கள். நாய்க்குட்டிக்குச் செய்தவர்களும் உண்டு.

“இவ்ளோ பெருசு எதுக்கு கண்ணு? யாருக்கு?” என்றாள் ப்ரியா.

“ஃபார் அப்பா. லைஃப் சைஸ்.”

ப்ரியா கையில் சலவைக்கூடை இருந்தது. அதை அப்படியே தரையில் வைத்தாள்.

“அப்பாவுக்கா? வேண்டாஞ் சாமி. வேற யாருக்காச்சும் செய்யி. எனக்குச் செய்யி.”

“அம்மா, இட்ஸ் நாட் அ பேட் திங். தே மேட் இட் வைல் தே வர் அலைவ். ஆன் பர்பஸ்.”

பெண் சொன்னது சரிதான். நானும் படித்துப் பார்த்தேன். வசதி உள்ள எகிப்தியர்கள் கடைசி நேரம் வரை காத்திருக்கவில்லை. நம் ஆட்கள் மனை வாங்கி, வாஸ்து பார்த்து, வீடு கட்டுவதைப் போல அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கல்லறைக்கு இடம் பார்த்து, பெட்டிக்கு ஆள் சொல்லி, மரம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நல்ல மரம் அங்கே கிடைக்காது, லெபனானிலிருந்து கப்பலில் வர வேண்டும். பெட்டிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்களில் ஒன்றுக்கு ‘உயிருக்கு உடையவன்’ என்று பொருளாம். இதைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை வந்தது. நாம் அந்தப் பெட்டியின் பெயரைச் சொன்னாலே வாயைக் கழுவு என்கிறோம்.*

*இறந்தவருக்குத் துணையாகக் குட்டிக் குட்டிப் பொம்மைகளையும் வைப்பார்கள். மறு உலகத்தில் யாராவது வயல் வேலைக்குக் கூப்பிட்டால், ஐயா படுத்திருப்பார், பொம்மைதான் ‘இதோ வந்தேன்’ என்று எழுந்து போக வேண்டும். பிற்காலத்தில் பத்துப் பொம்மைக்கு ஒரு மேஸ்திரிப் பொம்மையும் வந்துவிட்டது, கையில் சாட்டையோடு. இதை கிரீஷிடம் சொன்னேன். “ஆஃப்ஷோர் டீம்,” என்றான். கயல் இதற்காகக் கொலுவிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்து வைத்துவிட்டாள், மளிகைக் கடையோடு.

5

கயல் பற்றி எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கதைகளில் வரும் புத்திசாலிக் குழந்தைகளை எனக்குப் பிடிக்காது. பெரியவர்கள் முட்டாள்தனமாகக் குழம்பிக்கொண்டிருக்கும்போது ஓரமாக வந்து நின்று, பெரிய கண்களை விரித்து, ஒரு வாக்கியம் சொல்லும் குழந்தைகள். அப்படி ஒன்றை நேரில் நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த ஆறாம் வகுப்புப் பெண்கள் எல்லாம் பாதி நாள் கடுகடுவென்று இருப்பார்கள். தலையில் பசை ஒட்டியிருக்கும். சாப்பிட்ட தட்டை எடுக்கச் சொன்னால் கண்ணை உருட்டுவார்கள். கயலையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவளுக்கு மார்க் வேண்டும். நாய்க்குட்டிக்குச் சவப்பெட்டி செய்த பெண்ணைவிட ஒரு மார்க்காவது கூட வேண்டும். அவள் அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதி வரை எழுதினேன்.

அப்புறம் அவள் ஃபோனில் திசைகாட்டியைத் திறந்தாள்.

6

எகிப்தில் ஒரு காலத்தில், செவ்வகப் பெட்டிகள் இருந்த காலத்தில், இறந்தவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். தலை வடக்கே. முகம் கிழக்கே. முகத்துக்கு நேராகப் பெட்டியின் வெளிப்பக்கம் இரண்டு கண்களை வரைவார்கள். உள்ளே இருப்பவர் அந்தக் கண்கள் வழியாகத் தினமும் சூரியன் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கோபியில் பிறந்த ஒருத்தியிடம் தலை வடக்கே என்று சொல்லிப் பாருங்கள்.

“வடக்க தலை வெக்கக் கூடாது கயல். எத்தன தடவ சொல்லியிருக்கறேன்? ஹோட்டலுக்குப் போனாக் கூட நாம கட்டில்ல மாறித்தான படுக்கறோம்?”

“தட்ஸ் த ரூல், அம்மா. ஹெட் நார்த், ஐஸ் ஈஸ்ட். அதர்வைஸ் ஹி கான்ட் சீ த சன்.”

“அப்பா சூரியன பெட்ரூம் ஜன்னல்ல பாத்துக்குவாரு.”

சபரிநாதன் நடுவில் வந்து, “விடு ப்ரியா, அட்டைப்பொட்டிதான,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பெட்டியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை என்பதை ப்ரியா கவனித்தாள். அன்றிலிருந்து கராஜ் வழியாகப் போவதை அவர் விட்டுவிட்டார். காரை வெளியே ரோட்டில் நிறுத்தினார்.

ப்ரியா புதன்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்வாள். அந்தப் புதன்கிழமை, கயல் பள்ளிக்கூடம் போன பிறகு, ஒரு மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு கராஜுக்குப் போனாள். பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து அப்படியே திருப்பினாள். தலை தெற்கே வந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது மேற்குச் சுவரில் இருந்த வாட்டர் ஹீட்டரைப் பார்த்தன. இது மூடநம்பிக்கை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு சிப்பை ஆயிரம் விதமாகச் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவள் அவள். இருந்தாலும் திருப்பிய பிறகுதான் மதியம் அவளுக்குச் சோறு இறங்கியது.

சாயங்காலம் கராஜிலிருந்து சத்தம் வந்தது.

“ஹூ டர்ன்ட் அப்பா அரவுண்ட்?”

அப்பாவை யார் திருப்பியது என்று கேட்கிறாள். பெட்டியை யார் திருப்பியது என்று கேட்கவில்லை. “நாந்தான், கூட்டறப்போ நகந்துருச்சு,” என்றாள். கயல் பெட்டியை மறுபடி திருப்பி வைத்தாள். அடுத்த நாள் காலையில் ப்ரியா திருப்பினாள். சாயங்காலம் கயல் திருப்பினாள். பாவம் செட்டியார் பொம்மை, உள்ளே உருண்டு உருண்டு மூக்கு உடைந்துபோனது.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் கயல் ஜாடிகளைப் பற்றிப் பேசினாள். உடம்பிலிருந்து ஈரல், நுரையீரல், வயிறு, குடல் எல்லாவற்றையும் எடுத்து நான்கு ஜாடிகளில் தனித்தனியாக வைப்பார்களாம். மூளையை மூக்கு வழியாக எடுத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம்.

“மூளையவா?” என்றார் சபரிநாதன். “அப்பறம் அங்க போயி வேலை எப்படிப் பாக்கறது?”

“தே டிட்ன்ட் நீட் இட். ஒன்லி த ஹார்ட் இஸ் இம்பார்ட்டன்ட். த ஹார்ட் ஸ்டேஸ் இன்சைட்.” கயல் ரசத்தைக் கலக்கிக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னாள். “அண்ட் கிட்னீஸ். மோஸ்ட்லி தே லெஃப்ட் த கிட்னீஸ் அலோன். தேர் இஸ் நோ ஜார் ஃபார் கிட்னி.”

ப்ரியாவின் கை சோற்றிலேயே நின்றது. சபரிநாதன் அவளைப் பார்த்தார். பாடத்தில் இருப்பதைச் சொல்கிறாள், அவ்வளவுதான் என்று அந்தப் பார்வை சொன்னது. ப்ரியாவும் அப்படியே எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வதுதான் அப்போது வசதியாக இருந்தது.

“சாட்டர்டே யூ ஹேவ் டு லை டவுன் இன் இட், அப்பா. ஐ நீட் அ ஃபோட்டோ,” என்றாள் கயல்.

“பாக்கலாம் பாக்கலாம். முதுகு சரியாவட்டும்,” என்றாள் ப்ரியா, அவருக்கு முன்னால்.

7

இப்போது ஃபோன் அதிர வேண்டும். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு வாரம் கதையைத் தொடவே இல்லை. கொலு முடிந்து படியைக் கூடப் பிரித்து வைத்துவிட்டேன்.

(அ) எழுதிப் பார்த்தேன். கெட்ட கட்டி. ஒரு பக்கம் வந்தது, நன்றாகவே வந்தது. ப்ரியா ஃபோனோடு கராஜுக்குப் போய் அந்தப் பெட்டியைக் கால்களால் மிதித்து மடக்குகிறாள். கிரீஷ் படித்துவிட்டு, “இதுதான் கதை. இத மாத்தாத,” என்றான். அவன் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. எனக்கு அந்த ஒரு பக்கத்தின்மேல் கோபமாக வந்தது. என்ன சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். கணினியில் ஒரு பொத்தானை அமுக்கினேன், போயிற்று.

(ஆ) ஃபோன் அதிர்கிறது. இருவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். திரையில் விரல் பட—

அங்கேயே நிறுத்திவிடுவது. வாசகர் தலையில் கட்டிவிட்டு நான் காபி குடிக்கப் போய்விடலாம். இலக்கியமாகத் தெரியும். ஆனால் மூன்று வாரமாக ஒருத்தி சரியாகத் தூங்காமல் இருக்கிறாள், அவளை அப்படியே நடுக்கூடத்தில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை.

(இ) ஆகவே இதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம். எல் கமீனோ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடை. ப்ரியா கையில் முருங்கைக்காய். முன்னால் ஒருவர் மூன்று மூட்டை அரிசியோடு நிற்கிறார். ஃபோன் அதிர்ந்தது. ‘உங்களுக்கு ஒரு புதிய பரிசோதனை முடிவு.’

சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். சபரிநாதன் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தார். ப்ரியா முருங்கைக்காயைப் புளி பாக்கெட்டுகளின் மேல் வைத்துவிட்டு, வரிசையைவிட்டு விலகி, அப்பளம் அடுக்கியிருந்த இடத்தில் நின்று திறந்தாள். படிக்கத் தெரிந்த அத்தனை இங்கிலீஷும் மறந்துபோனது. நீளமான வார்த்தைகள். கண் அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடியது. கடைசியில், கீழே, எளிய ஒரு வார்த்தை. பினைன்.

கெட்ட கட்டி இல்லை. அடுத்த வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

அவள் மறுபடி படித்தாள். அப்பளக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படித்தாள். பிறகு அழுதாள். பக்கத்தில் இருந்த தெலுங்கு ஆன்ட்டி ஒருவர், “ஆர் யூ ஓகே அம்மா?” என்று கேட்டார். “ஓகே ஆன்ட்டி, ரொம்ப ஓகே,” என்று ப்ரியா தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பசித்தது. மூன்று வாரமாக அவளுக்குப் பசி என்று ஒன்று வரவில்லை. கௌன்ட்டரில் சூடாக இருந்த சமோசாவில் இரண்டு வாங்கி, காரில் உட்கார்ந்து, சட்னி கூட இல்லாமல் தின்றாள். அப்புறம்தான் புருஷனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, நான் தொறந்துட்டேங்க. திட்டாதீங்க. ஒண்ணும் இல்லைங்க. நல்ல கட்டிங்க.”

அந்தப் பக்கம் சபரிநாதன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“மீட்டிங்ல இருக்கறேன்,” என்றார். “அழுதுட்டு இருக்கறேன். எல்லாரும் பாக்கறாங்க.”

இதை எழுதி முடித்ததும் நானும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். ஒரு கட்டியை நல்ல கட்டி ஆக்க எனக்கு ஆன செலவு ஒரே ஒரு வார்த்தை. வெளியே யாருக்கும் இப்படிச் செய்ய முடியாது. முடிந்த இடத்தில் செய்துவிட்டேன், அவ்வளவுதான். கிரீஷ் படித்துவிட்டு, “அப்ப பெட்டி?” என்றான்.

ஆமாம், பெட்டி.

8

சனிக்கிழமை பிற்பகல். கராஜ் கதவு திறந்திருந்தது. சபரிநாதன் பனியனும் ஷார்ட்ஸுமாக, காலையிலிருந்து யாரிடமாவது வம்பு இழுத்துக்கொண்டு, அநியாயத்துக்கு உற்சாகமாக இருந்தார். கயலிடம் ஒன்றும் சொல்லவில்லை. தெரியாத பிள்ளைக்குத் தெரியாமலே எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ப்ரியா நினைத்தாள். அது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

“வா சாமி, ஒம் பொட்டில படுத்துக் காட்டறேன். கேமராவ எடு,” என்றார் சபரிநாதன்.

“பட் அம்மா செட், யுவர் பேக்—”

“முதுகெல்லாம் சரியாப் போச்சு. ப்ரியா, தலை எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கம் வேணும்னாலும் வெச்சுக்குங்க,” என்றாள் ப்ரியா. அவளுக்கே சிரிப்பு வந்தது. வடக்கு, தெற்கு எல்லாம் நேற்று மதியத்தோடு அவள் மனதைவிட்டுப் போயிருந்தது.

சபரிநாதன் பெட்டிக்குள் ஒரு காலை வைத்தார், மறு காலை வைத்தார், கார் சீட்டில் உட்காருவது போலப் பின்பக்கத்தை இறக்கினார். செட்டியாரை எடுத்து வெளியே வைத்தார். தலையை வடக்கே வைத்துச் சாய்ந்தார். தோள் சரியாகப் பொருந்தியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே அவருக்குப் பெட்டியே இல்லை. கால்கள் இரண்டும் எதிர் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கின. குழந்தைத் தொட்டிலில் ஏறிப் படுத்த பெரியவர் மாதிரி இருந்தது.

ப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். “என்ன கண்ணு இது? ஃபிரிட்ஜ் பொட்டி அப்பாவ விடப் பெருசாத்தான இருந்துச்சு. அளக்காமயே வெட்டிட்டயா?”

“ஐ மெஷர்ட்.”

“அளந்தா எப்படி இவ்ளோ குட்டையா வரும்? லைஃப் சைஸுன்னு சொன்னயே.”

கயல் கேமராவைக் கீழே இறக்கினாள். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தாள். கண்ணை உருட்டவில்லை. இந்தப் பெண் இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு வாக்கியம் சொல்லும் குழந்தை ஆகிவிடுவாளோ என்று பயந்துகொண்டே எழுதினேன்.

“அப்பாவுக்குப் பத்தக் கூடாதுன்னுதான் வெட்னேன்,” என்றாள், தமிழில்.

ப்ரியா சிரிப்பதை நிறுத்தினாள்.

“அந்தக் கட்டி,” என்றாள் கயல். “நல்லதா கெட்டதா? கார்ல பேசினீங்க. அப்பறம் யாருமே சொல்லல. ஐ வாஸ் வெயிட்டிங் அண்ட் வெயிட்டிங்.”

அன்று காரில் ஏறியதிலிருந்து இந்தப் பெண்ணும் காத்திருக்கிறாள். ஹெட்போனில் பாட்டே ஓடவில்லை போலிருக்கிறது. நேற்று மதியத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் நிம்மதியாக இருக்கிறார்கள், சமோசா தின்றிருக்கிறார்கள், பாட்டு முணுமுணுத்திருக்கிறார்கள். இவள் மட்டும் இன்னும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ப்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. பெட்டிக்குள் இருந்தவர்தான் பேசினார்.

“நல்ல கட்டி சாமி. நேத்துதான் ரிசல்ட் வந்துச்சு. அது ஒண்ணும் பண்ணாது. கிட்னி அங்கயே இருக்கும், நீ சொன்ன மாதிரி, ஜாடி வேண்டாம்.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

கயல் அழுதாள். ஆறாம் வகுப்பு என்பதை மறந்து, மூக்கு ஒழுக, சத்தமாக அழுதாள். ப்ரியா ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள். பசை ஒட்டிய தலையை முகர்ந்து முகர்ந்து, “தப்பு எங்க மேலதாஞ் சாமி, உங்கிட்டச் சொல்லியிருக்கோணும்,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அணைப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கடுகடு குரல். வழக்கமான குரல்.

“தென் கெட் அவுட், அப்பா. யூ ஆர் ரூயினிங் மை ப்ராஜெக்ட்.”

9

இங்கே ஒரு சிக்கல். அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

உள்ளே இறங்கும்போது தெரியாத தொப்பை இப்போது தெரிகிறது. இரண்டு பக்கமும் அட்டை இறுக்கிப் பிடிக்கிறது. கால் வெளியே தொங்குவதால் ஊன்றித் தள்ளத் தரை இல்லை. அவர் சிரிக்கச் சிரிக்க இன்னும் உள்ளே அமிழ்கிறார்.

கிரீஷ் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் ஆள் வந்தாயிற்று, ஆனால் சாகவில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் குறை. “சரி, எழுப்பி விட்டுட்டு முடி,” என்றான்.

எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கயல் கையைப் பிடித்து இழுக்கிறாள். அட்டை கண்களுக்கு நடுவே கிழிகிறது, திங்கட்கிழமை கொண்டுபோக ஒன்றும் இல்லை, மார்க் நாய்க்குட்டிப் பெண்ணுக்கு. இன்னொன்றில் ப்ரியா கத்தி கொண்டு வந்து ஓரத்தை அழகாக அறுத்து, உள்ளிருந்து புருஷனை எடுத்து, டேப் போட்டு ஒட்டிவிடுகிறாள். டெஸ்ட் எஞ்சினியர் வேலை, சுத்தமாக இருக்கிறது, ஆனால் அந்தக் கத்தியை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதில் அவரே, ‘இருங்க, இருங்க, நானே’ என்று ஒரு பக்கமாக உருண்டு, பெட்டியோடு—

வேண்டாம். அவர் எழுந்திருப்பார் என்பது எனக்கு நிச்சயம். எப்படி என்பதை நான் எழுதப்போவதில்லை. இந்த மனிதரைப் பெட்டிக்குள் இறக்கியதும் நான், கட்டியைக் கொடுத்ததும் நான், எடுத்துக்கொண்டதும் நான். ஒரு வேலையாவது நீங்கள் செய்யுங்கள். இதோ அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய, இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். கனம்தான், எண்பது கிலோவுக்குக் குறையாது, ஆனால் உங்களால் முடியும். முதுகில் பிளாஸ்திரி இருந்த இடத்தை மட்டும் அழுத்திப் பிடிக்காதீர்கள், அங்கே இன்னும் கொஞ்சம் வலிக்கிறதாம்.